லைட்னிங் நெட்வொர்க்: பணம் போகும் வழி ரகசியமாக இருந்தால் என்ன விலை?

பிட்காயின் பிளாக்செயின் நொடிக்குச் சுமார் 7 பரிவர்த்தனைகளைத்தான் தாங்கும். அதற்குத் தீர்வாக 2018-ல் புழக்கத்துக்கு வந்தது லைட்னிங் நெட்வொர்க். இருவர் பணத்தைப் பூட்டிவைத்து ஒரு சேனல் திறப்பார்கள். நேரடி சேனல் இல்லாதவருக்கு அனுப்பணும்னா, இடையில் உள்ள சேனல்கள் வழியாகப் பணம் கைமாறும்.

வழியைத் தேர்ந்தெடுப்பது பொதுவாக அனுப்புபவரின் வாலட். ஒரு சேனலில் மொத்தம் எவ்வளவு இருக்கு என்பது அதற்குத் தெரியும். எந்தப் பக்கம் எவ்வளவு என்பது தெரியாது. எனவே, ஒரு வழி அடைபட்டால் அடுத்ததை முயன்று பார்க்கும்.

இருப்பை வெளிப்படையாகக் காட்டிவிடலாமே? காட்டலாம். ஆனால், அது மாறுவதைக் கவனித்தே யார், யாருக்கு, எவ்வளவு அனுப்பினார் என்று ஊகித்துவிட முடியும்.

மலிவான வழியை மட்டும் தேடினாலும் சிக்கல்தான்: பெரும்பாலான பணம் சில பெரிய நோடுகளின் கண்ணில் படும். தோற்கும் முயற்சிகள்தான் இங்கே தனியுரிமைக்கான விலை.