நூற்றுக்கு மூன்று பேர்தான் வேலையில்லாதவரா?

நாட்டில் வேலையில்லாதவர்கள் நூற்றுக்கு மூன்று பேர்தான் என்று புள்ளிவிவர இலாகா கணக்குச் சொல்கிறது. 2020ஆம் ஆண்டு மே மாதத்தில், கோவிட் நோய் நாட்டை முடக்கிப் போட்டிருந்த வேளையில், இது 5.3 விழுக்காட்டுக்கு ஏறியிருந்தது. 2025இல் 3 விழுக்காட்டு அளவுக்கு இறங்கிவிட்டது. செய்தியைக் கேட்கும் தோட்டப் பாட்டாளி என்ன நினைப்பான்? "நாட்டிலே எல்லாருக்கும் வேலை இருக்குதாம். அப்புறம் ஏன் இருபதாம் தேதிக்கு மேலே கடைக்காரர் முகத்தைப் பார்க்க முடியலை?" என்றுதான் நினைப்பான். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தேடுவோம்.

முதலில் இந்தக் கணக்கு எப்படி எடுக்கப்படுகிறது என்பதைப் பாட்டாளி மக்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கணக்கு எடுக்கும் அந்த வாரத்தில் ஒருவர் சம்பளத்துக்கோ, லாபத்துக்கோ, குடும்பத் தொழிலுக்கோ ஒரே ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தாலும் போதும். அவர் வேலையில் உள்ளவராகிவிடுவார். வாரம் முழுவதும் மழை கொட்டி, சனிக்கிழமை மட்டும் அரை நாள் குலை வெட்டியவரும் வேலையில் உள்ளவர்தான். முன்வாசலில் மேசை போட்டுச் சாயங்காலம் வடை சுட்டு விற்கும் அக்காவும் வேலையில் உள்ளவர்தான். இது நமது இலாகா செய்த சூழ்ச்சி என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. உலகத் தொழிலாளர் நிறுவனம் வகுத்த முறை இது; எல்லா நாடுகளும் இப்படித்தான் எண்ணுகின்றன. ஆனால் எதை எண்ணுகிறார்கள் என்று தெரியாமல் நூற்றுக்கு மூன்றைக் கேட்டு மகிழ்ந்து போனால் ஏமாறுவது நாம்தான்.

கணக்குக்கே வராதவர்களும் உண்டு. வேலையும் இல்லாமல் வேலை தேடவும் இல்லாமல் வீட்டோடு இருப்பவரைத் தொழிலாளர் படையிலேயே சேர்ப்பதில்லை. நம் நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 56 பேர்தான் அந்தப் படையில் இருக்கிறார்கள். ஆண்களில் 80 பேருக்கு மேல். தோட்டப்புறத்துப் பெண்கள் ஒருகாலத்தில் இதற்கு விலக்காக இருந்தார்கள். விடிவதற்குள் பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு, புருஷனுக்குச் சமமாகப் பால் மரம் வெட்டியவர்கள் அவர்கள். பால் மரம் போய்ச் செம்பனை வந்தது. நீண்ட கம்பில் அரிவாளைக் கட்டிக் குலை அறுப்பது ஆண்கள் வேலையாயிற்று. பெண்களுக்கு உதிரிப் பழம் பொறுக்குவதும், உரம் போடுவதும், மருந்தடிப்பதும் மிஞ்சின. தோட்டத்தை விற்றுக் குடும்பம் பட்டணத்து அடுக்குமாடிக்குப் போனபோது அதுவும் போயிற்று. ஐம்பது வயதில் ஒரு பெண் எந்தத் தொழிற்சாலைக் கதவைத் தட்டுவார்? வீட்டில் உட்கார்ந்தார். வேலையில்லாதவர் பட்டியலில் அவர் பெயர் ஏறவில்லை.

சரி, வேலை இருப்பவர் நிலை என்ன? 2023ஆம் ஆண்டுக் கணக்குப்படி, நாட்டில் சம்பளம் வாங்குவோரை ஏழையிலிருந்து பணக்காரர் வரை வரிசையாக நிறுத்தினால் நட்ட நடுவில் நிற்பவர் வாங்கிய மாதச் சம்பளம் 2,602 வெள்ளி. 2022இல் அரசாங்கம் வரைந்த வறுமைக் கோடு ஒரு குடும்பத்துக்கு மாதம் 2,589 வெள்ளி. ஒன்று ஒரு ஆளின் சம்பளம், மற்றது ஒரு குடும்பத்தின் வருமானம், ஆண்டும் ஒன்றல்ல. ஆகவே இரண்டையும் அப்படியே தராசில் வைத்துவிட முடியாது. ஆனாலும் ஒன்று தெரிகிறது. நடுவில் நிற்கும் தொழிலாளி ஒருவரே குடும்பத்தைத் தாங்கினால், வறுமைக் கோட்டின் மேல் விளிம்பில் நின்றுகொண்டுதான் தாங்க வேண்டும். அவருக்குப் பின்னால் பாதிப் பேர் நிற்கிறார்கள். நம்மவர்கள் பெரும்பாலும் அந்தப் பாதியில்.

நாட்டில் விளையும் ஒவ்வொரு வெள்ளியிலும் தொழிலாளர் கைக்குச் சம்பளமாக வருவது எவ்வளவு? 2022இல் 32 காசு சொச்சம். இதை 45 காசுக்கு உயர்த்துவதென்று 2023 ஜூலையில் மடானி பொருளாதாரத் திட்டம் அறிவிக்கப்பட்டது. பத்தாண்டு தவணை. நல்ல இலக்குதான், வரவேற்கிறோம். எந்த வழியாக ஏறப் போகிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டியிருக்கிறது.

ஒரு வழி, குறைந்தபட்சச் சம்பளச் சட்டம். 2013ஆம் ஆண்டு தீபகற்பத்தில் 900 வெள்ளி, சபா சரவாக்கில் 800 வெள்ளி என்று தொடங்கியது, 2022 மே மாதம் 1,500 ஆகி, 2025 பிப்ரவரியில் 1,700 வெள்ளியாகியிருக்கிறது. ஐவருக்கும் குறைவாக ஆள் வைத்திருப்போருக்கு ஆகஸ்டு வரை தவணை தரப்பட்டது. பல்லாண்டுக் காலம் ரப்பர் விலையோடும் செம்பனை விலையோடும் கட்டிப் போடப்பட்டிருந்த நமது சம்பளத்துக்கு ஒரு தரை கிடைத்தது. இதைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. பால் விலை விழுந்தால் சோற்றுப் பானையும் விழுந்த காலத்தைப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இதில் ஓர் அம்சத்தை நம்மவர் பலர் அறியவில்லை. டன் கணக்கிலோ, குலைக் கணக்கிலோ, கைக்காசு வேலையாகவோ செய்தாலும், மாதம் முழுவதும் தவறாமல் பிரட்டுக்கு வந்தவருக்கு மாதச் சம்பளம் 1,700 வெள்ளிக்குக் குறையக் கூடாது என்கிறது ஆணை. வாரம் ஆறு நாள் வேலை செய்கிறவருக்கு நாள் கணக்கில் 65 வெள்ளி 38 காசு. இது அடிப்படைச் சம்பளம். மிகைநேர வேலைக்குரிய காசை உள்ளே சேர்த்துக் கூட்டி, "பாருங்க, ஆயிரத்து எழுநூறு வந்துட்டுதே" என்று கிராணி காட்டினால் அது கணக்கல்ல. சம்பளச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைக்குமுன், படிக்கத் தெரிந்த பிள்ளையிடம் கொடுத்து வரி வரியாக வாசிக்கச் சொல்லுங்கள்.

பிள்ளைகள் என்றதும் இன்னொன்று. தாய் தகப்பன் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் பல்கலைக்கழகம் வரை அனுப்பிய பிள்ளைகளின் நிலை என்ன? டிப்ளோமாவோ பட்டமோ பெற்று வேலையில் இருப்பவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர் படிப்புக்குக் குறைந்த வேலையில் இருப்பதாக அதே புள்ளிவிவர இலாகா சொல்கிறது. பட்டதாரி கடையில் கல்லாவில் நிற்கிறான். அல்லது மோட்டார் சைக்கிளில் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோகிறான். அவனுக்கு முதலாளி யாரென்றே தெரியாது, கைத்தொலைபேசிதான் மண்டோர்! இப்படிப்பட்டவர்களுக்காக 2025 ஆகஸ்டில் கிக் தொழிலாளர் மசோதாவை மக்களவை நிறைவேற்றியது. சொக்சோ பாதுகாப்பும், தகராறு தீர்க்க ஒரு வழியும் இதில் உண்டு. ஆனால் முதலாளியின் பங்கோடு கூடிய சேமநிதி இல்லாத வேலை, வயதான காலத்தில் வெறுங்கையோடு விடும் வேலை என்பதை இளைஞர்கள் இப்போதே எண்ணிப் பார்க்க வேண்டும்.

இனி, எல்லாரும் வாய்விட்டுப் பேசத் தயங்கும் விஷயத்துக்கு வருவோம். தோட்ட வேலையில் இன்று பெரும்பான்மையோர் இந்தோனேசியா, வங்காளதேசம் போன்ற நாடுகளிலிருந்து வந்தவர்கள். "உள்ளூர்க்காரன் சோம்பேறி, தோட்ட வேலைக்கு வர மாட்டேன் என்கிறான்" என்பது முதலாளிமார் சொல்லும் காரணம். காசைக் கூட்டிப் பார்ப்போம். 1,700 வெள்ளி வாங்கும் உள்ளூர்த் தொழிலாளிக்கு முதலாளி சேமநிதியில் 13 விழுக்காடு, அதாவது 221 வெள்ளி கட்ட வேண்டும். வெளிநாட்டுத் தொழிலாளிக்கு 2025 அக்டோபரிலிருந்து 2 விழுக்காடு கட்டாயமாகியிருக்கிறது. அது 34 வெள்ளி. மாதம் 187 வெள்ளி வித்தியாசம். ஆண்டுக்கு 2,244 வெள்ளி! வெளிநாட்டுத் தொழிலாளிக்காகத் தோட்ட முதலாளி கட்டும் ஆண்டு லெவி தீபகற்பத்தில் 640 வெள்ளிதான். ஆள் வரவழைக்கும் செலவு தனி என்பார்கள், உண்மைதான். அதோடு, அவர் வேறு தோட்டத்துக்கு மாறிப் போக முடியாது, பெர்மிட் கையைக் கட்டிப் போட்டிருக்கிறது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டுமல்லவா? நூறு வெள்ளி கூடக் கேட்டுப் பக்கத்துத் தோட்டத்துக்குப் போய்விடும் ஆளைவிட, போக முடியாத ஆளைத்தானே முதலாளி விரும்புவார்? உள்ளூர்க்காரன் சோம்பேறி என்ற பேச்சை நாம் ஒப்புவதாயில்லை.

அதற்காக அந்த வெளிநாட்டுத் தொழிலாளியைப் பகைப்பது மடமை. நமது பாட்டன் பூட்டனும் கங்காணி கைகாட்டிய கப்பலில் ஏறி இப்படித்தான் வந்து இறங்கினார்கள். 1969இல் குடியுரிமை இல்லாதவருக்கு வேலைப் பெர்மிட் கட்டாயமானபோது, ஏறக்குறைய 60,000 இந்தியத் தொழிலாளர்கள் மூட்டை கட்டிக்கொண்டு தமிழகம் திரும்பினார்களே, அந்தக் கண்ணீர் மறந்துவிட்டதா? பெர்மிட் சீட்டுக்கு அடிமைப்பட்ட வாழ்வு என்னவென்று நமக்குத் தெரியும். 2025 ஜூலையில் தாக்கலான 13ஆவது மலேசியத் திட்டம், 2030க்குள் வெளிநாட்டுத் தொழிலாளரை 10 விழுக்காட்டுக்குக் குறைக்கப்போவதாகச் சொல்கிறது. அவர்களுடைய சேமநிதியும் நமது சேமநிதியும் ஒரே விகிதமாகும் நாளில்தான் உள்ளூர் ஆளை ஒதுக்கி வைப்பதில் லாபமிருக்காது. ஆகையால் அவர்களுக்கு உயர்வு கேட்பதும் நமக்காகக் கேட்பதுதான்.

கடைசியாக, தோட்டம் கைமாறப் போகிறது என்ற பேச்சு அடிபடும் இடங்களில் இருப்போருக்கு. வேலை போனால் வீடும் போகும் என்பது நம் நிலை. எனவே பதற்றம் வரும். பதற்றத்தில் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். ஆட்குறைப்புச் சலுகை பற்றிய 1980ஆம் ஆண்டு விதிமுறைப்படி, இரண்டு வருஷத்துக்கு உட்பட்ட சேவைக்கு வருஷத்துக்கு 10 நாள், இரண்டிலிருந்து ஐந்து வரை 15 நாள், ஐந்துக்கு மேல் 20 நாள் சம்பளம் உண்டு. இருபத்திரண்டு வருஷம் உழைத்தவருக்கு 440 நாள் சம்பளம். ஐந்து வருஷத்துக்கு மேலிருந்தால் எட்டு வார நோட்டீசும் தர வேண்டும். புதிய முதலாளி ஏழு நாளுக்குள், பழைய நிலைக்குக் குறையாத வேலையைத் தருவதாகச் சொன்னால் இந்தச் சலுகை இல்லை, சேவைக்காலம் தொடரும். ஆனால், "ராஜினாமாக் கடிதம் கொடுங்க, கொந்திராக்டர்கிட்ட அதே வேலை தர்றோம்" என்று சொல்வார்கள். தானாக விலகியவருக்கு ஆட்குறைப்புப் பணமும் இல்லை, சொக்சோவின் வேலை காப்புறுதியும் இல்லை.

அந்தக் காப்புறுதி 2018இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. சம்பளத்தில் 0.2 விழுக்காடு நம்மிடம், அதே அளவு முதலாளியிடம் பிடித்துக் கட்டப்படுகிறது. வேலை இழந்தவருக்கு முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு, அடுத்த மாதம் 50, பிறகு படிப்படியாகக் குறைந்து, சந்தா கட்டிய காலத்தைப் பொறுத்து மூன்று முதல் ஆறு மாதம் வரை உதவித்தொகை கிடைக்கும். வேலை போன நாளிலிருந்து 60 நாளுக்குள் மனுச் செய்ய வேண்டும். அநியாயமாக நீக்கப்பட்டதாகத் தொழிலுறவு இலாகாவில் புகார் கொடுக்கவும் அதே 60 நாள்தான் தவணை. சம்பளச் சீட்டு, அடையாளக் கார்டு, வேலை நீக்கக் கடிதம் மூன்றையும் எடுத்துக்கொண்டு போங்கள்.