பிள்ளைக்குப் பெயர் சூட்ட வேண்டாம்

பன்முக நுண்ணறிவு என்றாலே சில ஆங்கில வகுப்புகளில் முதல் வேலை மாணவரைப் பிரிப்பதுதான். இவன் இசை வகை, அவள் காட்சி வகை. அவனுக்குப் பாட்டு, அவளுக்குச் சார்ட். எட்டு வகைக்கும் எட்டுச் செயல்பாடு என்று பாடக்குறிப்பு எழுதியே ஆசிரியர்கள் களைத்துப்போகிறார்கள். இந்தப் பழக்கத்தை விட்டுவிடுவோம்.

பன்முக நுண்ணறிவுக் கோட்பாட்டைத் தந்த ஹோவர்ட் கார்ட்னர் 1983-இல் ஏழு நுண்ணறிவுகளைச் சொன்னார். இயற்கை சார்ந்த எட்டாவதைப் பின்னர் சேர்த்தார். எல்லாரிடமும் எல்லாமே உண்டு, அளவுதான் வேறு என்பது அவர் கருத்து. இதைக் கற்றல் பாணியோடு குழப்பக் கூடாது என்று அவரே எழுதியிருக்கிறார். பாணிக்கேற்பக் கற்பித்தால் கூடுதலாகக் கற்பார்கள் என்பதற்குப் போதிய சான்றில்லை என்று ஹெரால்டு பாஷ்லர் குழுவினரும் 2008-இல் ஆய்ந்து சொன்னார்கள். ஒரு பாடத்துக்குப் பல வாசல்கள் உண்டு என்பதே கார்ட்னரிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது. எந்த வாசல் என்பதைப் பாடம் தீர்மானிக்கட்டும்.

உச்சரிப்புப் பாடத்தை எடுத்துக்கொள்வோம். 'போட்டோகிராஃப்' என்ற ஆங்கிலச் சொல்லில் அழுத்தம் முதல் அசையில் விழுகிறது. 'போட்டோகிராஃபர்' என்றதும் அது இரண்டாம் அசைக்குத் தாவுகிறது. முதல் அசை தேய்ந்துவிடுகிறது. தமிழில் அழுத்தத்துக்கு இந்த வேலை இல்லாததால் நம் பிள்ளைகள் எல்லா அசைகளையும் ஒரே எடையில் சொல்கிறார்கள். கரும்பலகையில் விதி எழுதினால் இது மாறாது. அழுத்தம் விழும் இடத்தில் வகுப்பு முழுவதும் மேசையைத் தட்டட்டும். பாட்டு வராத பிள்ளைக்கும் இது வேண்டும், ஏனென்றால் ஆங்கில உச்சரிப்பே தாளத்தில் நிற்கிறது.

பத்தாம் வகுப்புத் தேர்வில் வழி சொல்லும் வினாவுக்கு வரைபடமே பொருத்தம். பள்ளி வாசலிலிருந்து பேருந்து நிலையம்வரை மாணவரே வரையட்டும். ஆனால் வண்ணம் தீட்டுவதிலேயே பாடவேளை கரைந்துவிட்டால் அது ஓவிய வகுப்பு. வரைந்தவள் படத்தை மறைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் வழி சொல்ல வேண்டும். பக்கத்தில் இருப்பவள் அதைக் கேட்டு வெற்றுத்தாளில் வரைய வேண்டும். 'லெஃப்ட்', 'ரைட்' மாறினால் இரண்டு தாள்களையும் அருகருகே வைத்ததுமே தெரிந்துவிடும். எங்கே பிசகியது என்று அவர்களே தேடுவார்கள், அதையும் ஆங்கிலத்திலேயே பேசச் சொல்லுங்கள். கடிதம் எழுதுதல் போன்ற பாடத்துக்கு இத்தனை ஏற்பாடு வேண்டாம். நல்ல மாதிரியும் நிறையப் பயிற்சியும் போதும்.

இப்படிப்பட்ட வகுப்பறை அனுபவங்களை எழுதிப் பகிரும் ஆசிரியர்கள் சார்ட்டுகளின் புகைப்படங்களோடு நிறுத்திவிட வேண்டாம். அந்தச் செயல்பாட்டுக்கு ஒரு வாரம் கழித்து, படமோ தட்டலோ இல்லாமல், மாணவர் தாமாக எழுதிய ஐந்து வாக்கியங்களைப் பிழைகளோடு அப்படியே சேர்த்துப் பகிருங்கள்.