கடலுக்கு ஒரு நீதி, வானுக்கு ஒரு நீதியா?

வள்ளியூர்ப் பொதுக்கூட்டம் முடிந்து, ஒலிபெருக்கிக்காரர் கம்பிகளைச் சுருட்டிக்கொண்டிருந்த வேளை. மேடைக்குப் பின்புறம், தேநீர்க்கடை விளக்கொளியில் ஓர் இளைஞர் எனக்காகக் காத்து நின்றார். அருகே அவர் தந்தை. தோளிலே துண்டு, துண்டின் முனையிலே வாழைக்கறை.

"அண்ணாச்சி, நான் விமானம் ஓட்டுகிறவன்" என்றார் இளைஞர். என் விழிகள் வியப்பால் விரிந்தன. நம் வள்ளியூர் வாழைத்தோட்டத்துப் பிள்ளை வானவீதியிலே வலம் வருகிறான் என்றால் பூரிக்காத நெஞ்சும் உண்டோ? ஆனால், அந்தப் பூரிப்பு அடுத்த மூச்சு வரையிலேகூட நிலைக்கவில்லை. "நான்கு மாதமாகச் சம்பளம் இல்லை" என்றார்.

அவர் ஓட்டுவது ஆளேற்றும் விமானமன்று, சரக்கேற்றும் விமானம். ஊர் உறங்கும் நேரத்திலே கிளம்பும். சேவல் கூவும் நேரத்திலே இறங்கும். மருந்துப் பெட்டிகளும் கைப்பேசிப் பொதிகளுமே அதன் பயணிகள். நிறுவனத்தின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் அந்தப் பிள்ளைக்கு உள்ளதும் போகும். மேலும், அது ஒரு நிறுவனத்தின் கதை மட்டுமன்று.

"வேறிடம் போகலாமே, தம்பி?" என்றேன், விவரமறியாமல். அவர் சிரித்தார். விமான இயக்குநரகம் 2017-ல் வகுத்த விதியை எடுத்துரைத்தார். தலைமை விமானி வேலையை விட வேண்டுமானால் ஓராண்டுக்கு முன் அறிவிக்க வேண்டும். துணை விமானியாயின் ஆறு திங்கள். அந்த அறிவிப்புக் காலத்திலே நிறுவனம் ஊதியத்தைக் குறைத்தால், விரைவில் விடுவிக்குமாறு விமானி கேட்டுக்கொள்ளலாமாம். கேட்டுக்கொள்ளலாம்! பிச்சைப் பாத்திரத்தைக் கையிலே கொடுத்துவிட்டு, நீட்டிக்கொள்ளலாம் என்று உரிமையும் வழங்கியிருக்கிறார்கள், கருணை வள்ளல்கள்! போகாதே என்று ஊழியனைத் தடுக்கத் தேதி குறித்தார்கள். அவனுக்குக் கூலியைக் கொடு என்று முதலாளிக்கு அதே விதியில் ஒரு தேதி குறித்தார்களா?

எங்கள் உரையாடலைக் கேட்டுக்கொண்டிருந்த கிளைக்கழகப் பெரியவர் ஒருவர் இடைமறித்தார். பீடி சுற்றும் குடும்பத்திலே பிறந்தவர், சிறை கண்டவர், மனத்திலே பட்டதை மறைக்காதவர். "ஏய்யா, விமானம் ஓட்டுகிறவன் லட்சத்திலே வாங்குகிறவன். ஆயிரம் பீடி சுற்றினால் அரைவயிறு நிறையாத தாய்மார் கட்சி இது. அவனுக்காக நாம் ஏன் தொண்டை கிழியக் கத்த வேண்டும்?"

நியாயமான கேள்வி. நழுவாமல் விடை சொல்ல வேண்டிய கேள்வி. இந்த ஞாயிறு அதற்கே.

முதலாவது, விமானம் என்றால் விமானி மட்டுமல்லர். பொதிகளை எடைபோட்டு, எது முன்னே எது பின்னே என்று கணக்கிட்டு அடுக்குகிறவர் இருக்கிறார். அந்தக் கணக்குப் பிசகினால் விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டு விழும். பொறியைப் பிரித்து மாட்டும் தொழிலாளி இருக்கிறார். இரவெல்லாம் மழையில் நனைந்து மூட்டை தூக்குகிறவர் இருக்கிறார். நிறுவனம் மஞ்சள் கடுதாசி நீட்டும் நாளிலே இவர்கள் அனைவர் வீட்டு அடுப்பும் ஒன்றாகவே அணையும். அந்த விமானிதான் என்ன? பயிற்சிக்கு அரைக்கோடிக்கு மேல் செலவு. தந்தையின் தோட்டம் அடமானத்திலே இருக்கிறது. கழுத்துப்பட்டை கட்டிய கடன்காரர் அவர், அவ்வளவே.

இரண்டாவது, சரக்கு விமானத் தொழில் நம் நாட்டிலே சரிந்து சரிந்து விழுந்த வரலாறு நேற்று முளைத்ததன்று. 1949-ல் இரவு அஞ்சல் விமானங்கள் தொடங்கின. சென்னை, பம்பாய், கல்கத்தா, தில்லி நான்கிலிருந்தும் இரவிலே டக்கோட்டா விமானங்கள் கிளம்பும். நள்ளிரவிலே நாகபுரியிலே கூடும். பைகளை மாற்றிக்கொண்டு விடியுமுன் திரும்பும். இன்றைய கருவிகள் எதுவுமில்லாத காலத்திலே, இருட்டிலே, இரட்டைப் பொறி விமானத்தை நம்பிப் பறந்தார்கள், காதல் கடிதத்தையும் காசோலையையும் சுமந்துகொண்டு! அந்தப் பணியை முதலில் ஏற்ற நிறுவனம் அதே ஆண்டிலே கைவிட்டது. ஹிமாலயன் ஏவியேஷன் எடுத்துக்கொண்டது. போர் முடிந்து மலிவு விலையிலே விமானங்கள் கிடைத்தன என்பதற்காகப் புற்றீசல்போல் கிளம்பிய கம்பெனிகள் மூச்சுத் திணறின. 1953-ல் எட்டு நிறுவனங்களை அரசு தன் கையிலே எடுத்துக்கொண்டது.

அறுபது ஆண்டுகள் கழித்து, 2009-ல், அதே நாகபுரியை நடுவமாக்கி டெக்கான் 360 என்ற சரக்கு நிறுவனம் எழுந்தது. 2011-ல் ஓய்ந்தது. ஏர் இந்தியா தன் பயணி விமானங்கள் சிலவற்றைச் சரக்கு விமானமாக மாற்றிப் பறக்கவிட்டது. 2012-க்குள் அதுவும் முடிந்தது. ஏன் விழுகின்றன? போகும்போது நிறைய சரக்கு, திரும்பும்போது வெறும் வயிறு. பயணி விமானத்தின் அடிவயிற்றிலே இடம் காலியாக இருக்க, அதே சரக்கை அவன் பாதி விலைக்கு ஏற்றிச் செல்கிறான். எரிபொருள் விலையோ ஏறும் திசையை மட்டுமே அறிந்தது. ஆனால், முடியவே முடியாத தொழிலன்று இது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட புளூ டார்ட் 1996 முதல் பறந்துகொண்டுதான் இருக்கிறது. தோவாளைப் பூவும் தூத்துக்குடி மீனும் அயல்நாட்டு விமானத்தையே எதிர்பார்த்துக் கிடக்க வேண்டும் என்பது தலைவிதியுமன்று.

தொழில் நொடிக்கலாம், அது தொழிலின் இயல்பு. நொடிக்கும்போது யாருக்கு முதலில் பணம் என்பதுதான் நம் வழக்கு.

நான் சட்டம் படித்தவனல்லன். கல்லூரியையே பாதியிலே விட்டு மேடையேறியவன். ஆயினும் ஓர் இரவு உட்கார்ந்து படித்தேன். படித்ததை அப்படியே வைக்கிறேன். உவரிக் கடற்கரையிலிருந்து கப்பல் வேலைக்குச் செல்லும் நம் மீனவத் தோழனுக்குக் கப்பல் முதலாளி கூலி தரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கப்பல் எந்த நாட்டுக் கொடியைப் பறக்கவிட்டாலும் சரி, தூத்துக்குடித் துறைமுகத்திலே நங்கூரம் பாய்ச்சியதும், உயர்நீதிமன்றத்திடம் ஆணை பெற்று அதைப் பிடித்து நிறுத்தலாம். கப்பலை விற்றுக் கூலியைப் பெறலாம். 2017-ஆம் ஆண்டுக் கடல்சார் வழக்குச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு, கப்பலின் மீதான பற்றுரிமைகளை வரிசைப்படுத்துகிறது. அந்த வரிசையிலே முதலிடம் யாருக்கு? மாலுமிகளின் ஊதியத்துக்கு! அடமானம் பிடித்த வங்கிகூட அவனுக்குப் பின்னாலேதான் நிற்க வேண்டும். கூலி தராத கப்பல் கைமாறிப் போனாலும் கடன் கப்பலை விடாது தொடரும். ஆளைவிட மூழ்கும் பொருளே பெரிதென்று எண்ணிய வணிகர் உலகமே பல நூற்றாண்டுகளாக ஒப்புக்கொண்ட நீதி இது.

இனி வானைப் பாருங்கள். 2023 மே திங்களில் கோ ஃபர்ஸ்ட் என்ற பயணி விமான நிறுவனம் நொடிப்பு மன்றத்தின் படியேறியது. நொடிப்புச் சட்டப்படி, அந்நிறுவனத்தின் பொருளை யாரும் தொடக்கூடாது என்று தடை விழும். குத்தகைக்கு விமானம் விட்ட அயல்நாட்டவர் அலறினர். அலறல் தில்லிக்குக் கேட்டது! 2023 அக்டோபர் 3-ல் ஒன்றிய அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டது: விமானங்களுக்கும் அவற்றின் பொறிகளுக்கும் அந்தத் தடை பொருந்தாது. 2024 ஏப்ரலில் தில்லி உயர்நீதிமன்றத் தீர்ப்பு, 54 விமானங்களின் பதிவை நீக்கி அவர்களிடம் விட வழி செய்தது. 2025-ல் நாடாளுமன்றமே, குத்தகைக்கு விட்டவரின் நலன் காக்கத் தனிச் சட்டம் இயற்றியது. என்ன வேகம்! என்ன பரிவு!

ஊழியனுக்கு? நொடிப்புச் சட்டத்தின் 53-ஆம் பிரிவைப் புரட்டுங்கள். வழக்குச் செலவு முதலில். பிறகு, தொழிலாளி என்று ஏற்கப்பட்டவருக்கு 24 மாதக் கூலி, வங்கிகளோடு சமமாக. தொழிலாளி அல்லாத பணியாளருக்கு 12 மாத ஊதியம், அதற்கும் கீழே. விமானி தொழிலாளியா, அதிகாரியா என்று அதிலேயே ஒரு வழக்கு நடத்தலாம். விமானங்களோ முன்பே பறந்துவிட்டன. எஞ்சிய மேசை நாற்காலியை விற்றுத்தான் இந்தப் பங்கீடு! அனைத்துலக உடன்பாட்டிலே சேர்ந்தபோது, ஊழியர் ஊதியத்துக்கும் விமானத்தின் மீது ஒரு சிறு உரிமையை நம் நாடு ஒதுக்கி வைத்தது உண்மை. நிறுவனம் குத்தகையில் தவறிவிட்டது என்று அறிவிக்கப்பட்ட நாளுக்குப் பின் சேரும் ஊதியத்துக்கு மட்டும் அது. அதற்கு முன் பட்டினி கிடந்த மாதங்கள் கணக்கிலே இல்லை! குத்தகைக்காரர் விழித்துக்கொண்ட பிறகுதான் ஊழியனுக்குப் பசிக்க வேண்டும் போலும்.

கூலி பற்றி இவ்வளவு. உயிர் பற்றியும் கொஞ்சம் கேளுங்கள். அமெரிக்க நாட்டிலே விமானிகளின் ஓய்வுக்குப் புதிய விதி 2011-ல் வகுக்கப்பட்டு, 2014-ல் நடைமுறைக்கு வந்தது. சரக்கு விமானிகளுக்கு அது கட்டாயமில்லை என்று விலக்கு அளித்தார்கள். காரணம்? செலவு மிகுதி, பயன் குறைவு என்ற கணக்கு! பயணி விமானம் விழுந்தால் நூற்றுக்கணக்கிலே மாள்வர். சரக்கு விமானம் விழுந்தால் இருவர்தானே? 2013 ஆகஸ்ட் 14, விடியுமுன், யூபிஎஸ் நிறுவனத்தின் சரக்கு விமானம் அலபாமா மாநிலத்தின் பர்மிங்காமிலே தரையிறங்குகையில் குன்றில் மோதியது. ஆணொருவர், பெண்ணொருவர், இரு விமானிகளும் மாண்டனர். களைப்பும் காரணங்களில் ஒன்றென்றது விசாரணை. ஒலிப்பதிவுக் கருவியை எடுத்துக் கேட்டார்கள். புறப்படுமுன் அந்த இருவரும் எதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள், தெரியுமா? அந்த ஓய்வு விதி தங்களுக்கு இல்லையே, எல்லோருக்கும் ஒரே அளவுப் பாதுகாப்பு வேண்டாமா என்பதைப் பற்றித்தான்! நாடகம் எழுதுகிறவன் நான். இப்படி ஒரு காட்சியை எழுதியிருந்தால், மிகையென்று கூறி என் நண்பர்களே அடித்திருப்பார்கள்.

நம் நாட்டிலும் நடந்தது. 1999 ஜூலை 7-ல் காத்மாண்டுவிலிருந்து கம்பளங்களை ஏற்றிக்கொண்டு தில்லி நோக்கிக் கிளம்பிய ஹிந்துஜா நிறுவனத்துச் சரக்கு விமானம் மலையில் மோதி, உள்ளிருந்த ஐவரும் மாண்டனர். கார்கில் போர் நடந்துகொண்டிருந்த நாட்கள் அவை. ஐந்து உயிர்கள் யார் நினைவிலே நின்றன? 2025 டிசம்பரில் இண்டிகோ விமானங்கள் ஆயிரக்கணக்கிலே நின்றபோது என்ன செய்தார்கள்? போதிய விமானிகளை அமர்த்தாத நிறுவனத்துக்காக, விமானியின் இரவுப்பணி வரம்பையே சில காலம் தளர்த்திக் கொடுத்தார்கள்!

தாமிரபரணி மண்ணுக்கு இந்த வழக்கு புதிதன்று. 1906-ல் வ.உ.சிதம்பரனார் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்டார். வெள்ளைக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக் குறைத்து அதன் கழுத்தை நெரித்தது. தன் கப்பல் தத்தளித்துக்கொண்டிருந்த அந்த நாளிலேதான், 1908-ல், அவர் கோரல் ஆலைத் தொழிலாளரின் கூலி உயர்வுக்காகத் தெருவிலே நின்றார். வேலைநிறுத்தம் வென்றது, அவர் சிறை புகுந்து செக்கிழுத்தார், 1911-ல் கம்பெனி கலைந்தது. நொடித்தவரும் மனிதராயிருக்கலாம் என்பதற்கு நம் மாவட்டமே சாட்சி!

ஆகவே, அண்ணாச்சி, உங்கள் கேள்விக்கு விடை இதுதான். வள்ளியூர் ஒன்றியக் கழகத்தின் அடுத்த கூட்டத்திலே தீர்மானம் கொண்டுவருகிறேன். நீங்களே வழிமொழிய வேண்டும். எண்ணெய்க் கம்பெனிக்கு வங்கி உத்தரவாதம் கட்டுகிற விமான நிறுவனம், ஊழியரின் மூன்று மாத ஊதியத்துக்கும் உத்தரவாதம் கட்டட்டும். கட்டாதவருக்கு உரிமம் கூடாது. குத்தகைக்காரர் விமானத்தை மீட்குமுன், நிலுவைக் கூலி தீரட்டும். குத்தகை தவறிய நாள் எதுவாயினும் ஆகுக. ஓய்வு விதியிலே பயணி, சரக்கு என்ற பாகுபாடு எக்காலத்தும் நுழையாதிருக்கட்டும். இதனால் குத்தகை விலை ஏறும், விமானம் தர எவனும் வரமாட்டான் என்று பூச்சாண்டி காட்டுவார்கள். மாலுமியின் கூலி முதலிடத்திலே இருந்தும் கப்பலுக்கு வங்கிகள் கடன் கொடுக்கின்றனவே! தூத்துக்குடியிலே கப்பல் வருவது நின்றுவிட்டதா?

பெரியவர் பதில் பேசவில்லை. இளைஞரின் தந்தைக்கு ஒரு தேநீர் சொன்னார். தோட்டத்து அடமானத் தவணை தை மாதக் கடைசியிலே முடிகிறது என்று அந்தத் தந்தை அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.