புல் நிலம் வீண் நிலம் அன்று

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் வட்டாரங்களில் சீமைக் கருவேலை அகற்றிய மேய்ச்சல் புறம்போக்கில் அடுத்து என்ன செய்வது? மரக்கன்று நடலாம் என்பதே பலரின் யோசனை. ஆனால் எல்லா நிலத்துக்கும் மரம் பொருந்தாது. நீலகிரியின் சேறு இதற்குச் சான்று கூறுகிறது.

கண்மாயில் வண்டல் படிவதைப் போல, உதகைக்கு அருகேயுள்ள சாண்டிநல்லா பள்ளத்தில் மக்கிய செடிகொடிகள் அடுக்கடுக்காகப் படிந்துள்ளன. காற்றுப் புகாத சேற்றில் மகரந்தத் தூளின் மேலோடு எளிதில் அழிவதில்லை. புல்லின் தூளையும் மரத்தின் தூளையும் உருப்பெருக்கியால் பிரித்தறியலாம். மற்றொரு வழியும் உண்டு. சோளமும் கம்பும் கரியமில வாயுவை உட்கொள்ளும் முறை வேறு. பருத்தி, உளுந்து, மரங்களின் முறை வேறு. வெப்பநாட்டுப் புற்களில் பல சோளத்தின் வகையைச் சேர்ந்தவை. செடி மக்கிய பின்னும் இந்த வேற்றுமை அதன் கரிமத்தில் தங்கியிருக்கும்.

இவ்வாறு ஆராய்ந்து, விஞ்ஞானி ஆர். சுகுமாரும் உடன் பணியாற்றியோரும் 1993இல் முடிவுகளை வெளியிட்டனர். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் வறட்சி நிலவியபோது அங்கே புல் ஓங்கியிருந்தது. சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முன் பருவமழை வலுத்தபோது மர வகை பெருகியது. ஆகவே நீலகிரியின் புல்வெளி காட்டை வெட்டியதால் மட்டும் வந்ததன்று. உழவுத் தொழிலைவிட மூத்தது. இதை அறியாமல், வெற்று நிலமென்று கருதி, 19ஆம் நூற்றாண்டு முதல் அங்கே சீகையும் தைல மரமும் நட்டனர். சீகை இன்று புல்வெளியை விழுங்கி வருகிறது.

கரிசலும் நீலகிரியும் ஒன்றல்ல. மண் வேறு, மழை வேறு. ஆயினும் நடந்த தவறு ஒன்றே. விறகுக்கும் தரிசை மூடவும் என்று பரப்பிய மரம்தான் சீமைக் கருவேல். அது மேய்ச்சலை அழித்தது. வேம்பூர் ஆடு வளர்ப்போர் இதை நன்கு அறிவர்.

எனவே கிராம சபையில் முதலில் கேட்க வேண்டியது, இந்நிலம் முன்பு எதற்குப் பயன்பட்டது என்பதே. வேம்பும் பனையும் நாட்டுக் கருவேலும் கண்மாய்க் கரையிலும் வரப்போரத்திலும் நிற்கட்டும். மேய்ச்சல் நிலத்தில் ஐப்பசி மழையோடு கொழுக்கட்டைப் புல் விதைத்து, முதல் ஆண்டு ஆடு மாடு விடாமல் விதை உதிரவிட்டுக் காத்தல் நலம். கோடையில் ஆட்டுக்குத் தீவனம் தரும் புல்லும் ஊரின் செல்வமே.