புத்ராஜெயா மலிவு என்பவர்களுக்கு

அரசு அலுவலகங்களைத் தலைநகரைவிட்டு வெளியே கொண்டுபோனால் செலவு மிச்சம் என்று நம்பாதவர் குறைவு. நகர நடுவில் அடிக்கணக்கில் விலை பேசும் நிலம். இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளிப்போனால் வெறும் ரப்பர் காடு. அங்கே கட்டு, இங்கே விற்றுவிடு, கணக்கு நேராகிவிடும் என்பார்கள். சாட்சிக்கு உடனே மலேசியாவின் நிர்வாகத் தலைநகரான புத்ராஜெயாவைக் காட்டுவார்கள். நானும் அந்த ஊரைத்தான் காட்டப்போகிறேன்.

1999இல் பிரதமர் அலுவலகம் கோலாலம்பூரிலிருந்து அங்கே குடிபோனது. ஊர் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அமைச்சுக் கட்டடங்கள் பலவற்றைக் கட்டியது புத்ராஜெயா ஹோல்டிங்ஸ் என்ற நிறுவனம். அதில் பெரும்பங்கு பெட்ரோனாஸ் குழுமத்துடையது. அரசு அங்கே நீண்டகால வாடகைக்கு உட்கார்ந்திருக்கிறது. திறப்பு விழா நடக்கிற வருடத்துப் பட்ஜெட்டில் இந்தச் சுமை கண்ணுக்குத் தெரியாது. அமைச்சர்கள் வருவார்கள், போவார்கள். வாடகை மட்டும் நகராது. சொந்த வீட்டைப் பூட்டிவிட்டு வாடகை வீட்டுக்குப் போனவனைச் சிக்கனக்காரன் என்று எந்த ஊரில் சொல்கிறார்கள்?

பழைய வீட்டையும் விட்டபாடில்லை. நாடாளுமன்றம் இன்றும் கோலாலம்பூரில். தற்காப்பு அமைச்சும் பொதுப்பணி அமைச்சும் அங்கேதான். ஆக இரண்டு ஊருக்கும் காவல், மின்கட்டணம், இடையே ஓடும் கார்களுக்கு எண்ணெய். 1897இல் கட்டி முடித்த சுல்தான் அப்துல் சமாட் கட்டடத்திலிருந்து கூட்டரசு நீதிமன்றம் புத்ராஜெயாவுக்குப் போய்விட்டது. பாரம்பரியக் கட்டடத்தை விற்கவும் முடியாது, இடிக்கவும் முடியாது. சுண்ணாம்பு பூசிக்கொண்டே இருக்கத்தான் முடியும்.

புத்ராஜெயா ஏரிமேல் ஒரு தொங்குபாலம் நிற்கிறது. மோனோரயிலுக்காகக் கட்டியது. திட்டம் பாதியில் நின்றது. பாலம் எந்தப் பாதையோடும் சேராமல் தண்ணீரில் தன் நிழலைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. கோலாலம்பூரிலிருந்து எம்ஆர்டி ரயில் முழுதாக வந்து சேர்ந்தது 2023இல், அதாவது பிரதமர் குடிபோய் இருபத்து நான்கு ஆண்டுகள் கழித்து. அதற்குக் கொட்டிய பணத்தை இடமாற்றச் செலவில் சேர்ப்பவர் யாருமில்லை.

இதெல்லாம்கூடக் காசுதான், போகட்டும். அந்த 'வெறும் ரப்பர் காடு' என்ற சொல்தான் எனக்குப் பொறுக்கவில்லை. அங்கே இருந்தது பிராங் பெசார் தோட்டம். முதல் உலகப்போரில் சண்டையிட்ட பிரிட்டிஷ்காரர்கள் 1921இல் போட்ட தோட்டம் அது. பெயருக்கு மலாயில் பெரும்போர் என்று பொருள். பக்கத்திலேயே கேலவே, செட்ஜ்லி, மேடிங்லி தோட்டங்கள். விடியுமுன் பெயர் கொடுக்கும் பிரட்டுக்கு நின்று, வாளியும் உளியுமாகப் பால்மரத்துக்குப் போனவர்கள் தமிழர்கள். லயத்து வாசலில் முருங்கை, கொல்லையில் கோழி, தோட்டத்துக் கோயிலில் ஆடித் திருவிழா என்று வாழ்ந்தவர்கள். நிலத்துக்கு விலை பேசியது தோட்ட முதலாளியோடு. தலைமுறை தலைமுறையாகப் பால் வெட்டியவன் கையில் பட்டா இல்லை. ஆகவே அந்த விலையில் அவனுக்குப் பங்கும் இல்லை. மலிவு என்று சொல்கிறீர்களே, அதில் ஒரு பகுதி இதுதான்.

அந்தத் தோட்டங்களின் ஏறத்தாழ நானூறு குடும்பங்களை அருகிலுள்ள டெங்கிலில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளில் ஏற்றினார்கள். மாடிவீட்டில் முருங்கை எங்கே நடுவது? சுவர்களில் விரிசல் விழுந்தது. தரைவீடு கேட்டு இருபது ஆண்டுக்கு மேலாக மனு கொடுத்தார்கள். புத்ராஜெயாவுக்கு ஆன செலவு இவ்வளவுதான் என்று யாராவது ஒரு தொகையை என்முன் நீட்டினால், டெங்கிலுக்கு எவ்வளவு எழுதியிருக்கிறீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன்.