கழிவுப் பையைத் தூக்கும் கைகளுக்கும் விளக்கம் வேண்டும்

பிரித்தானிய வைத்தியசாலைகளிலும் முதியோர் இல்லங்களிலும் எம்மவர் பலர் வேலை செய்கிறார்கள். வைத்தியர்களும் தாதியரும் இருக்கிறார்கள். துப்புரவு, சலவை, பராமரிப்பு வேலைகளில் இருப்பவர்களும் ஏராளம். மருத்துவக் கழிவு பற்றிய பயிற்சி இந்த இரண்டாவது பகுதியினரை ஒழுங்காகச் சென்றடைய வேண்டும் என்பதே எமது கருத்து.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி மருத்துவக் கழிவில் ஏறத்தாழ 85 வீதம் சாதாரணக் குப்பைதான். மீதி 15 வீதமே ஆபத்தானது. ஆனால் பாவித்த ஊசி ஒன்று தவறிக் குப்பைப் பைக்குள் போனால் குத்துப்படுவது அதைப் போட்டவர் அல்ல, பையைத் தூக்குபவர். நோயாளிக்குத் தொற்று இருந்தால், தடுப்பூசி போடாதவருக்கு ஹெப்படைட்டிஸ் பி தொற்றும் வாய்ப்பு 30 வீதம் வரை உண்டு. ஹெப்படைட்டிஸ் சி 1.8 வீதம், எச்.ஐ.வி. 0.3 வீதம்.

மஞ்சள் பை எரிப்பதற்கு, செம்மஞ்சள் பை கிருமி நீக்குவதற்கு என்று நிறத்தைப் பலரும் மனப்பாடம் செய்து வைத்திருப்பார்கள். காரணம் தெரிந்தால்தான் அவசரத்திலும் கை தவறாது. ஊசிக்குத் திரும்ப மூடி போடக்கூடாது, போடும்போதே பலர் குத்துப்படுகிறார்கள். ஊசிப் பெட்டியை முக்கால்வாசிக்கு மேல் நிரப்பக்கூடாது, நிரம்பி வழிந்தால் நுனி வெளியே நிற்கும். பையைக் கையால் அமுக்குவதும் உடம்போடு அணைத்துத் தூக்குவதும் ஆபத்து.

கூரிய மருத்துவக் கருவிகள் தொடர்பாக 2013இல் இங்கு வந்த சட்டவிதிகள், ஊழியருக்குப் பயிற்சி கொடுப்பதை நிர்வாகத்தின் கடமை ஆக்கியுள்ளன. ஆங்கிலத்தில் வேகமாகச் சொல்லிக் கையொப்பம் வாங்கினால் அந்தக் கடமை முடிந்ததாகாது. விளங்கவில்லை என்றால் திரும்பக் கேளுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி பற்றியும் கேளுங்கள். வேலையில் ஆபத்து இருந்தால் அதற்கான செலவு உங்களுடையதல்ல.

ஊசி குத்திவிட்டால் ஓடும் தண்ணீரில் பிடித்து இரத்தம் வடிய விடுங்கள். சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். வாயால் உறிஞ்ச வேண்டாம். உடனே மேலாளருக்கு அறிவித்து வைத்திய உதவி பெறுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் 72 மணித்தியாலத்துக்குள் தொடங்க வேண்டும், முந்தினால் இன்னும் நல்லது. வேலை போய்விடும் என்ற பயத்தில் மறைப்பவர் இந்த நேரத்தைத்தான் இழக்கிறார். அறிவித்தவரைக் குறை சொல்லும் மேலாளரும் இதற்குப் பொறுப்பாளியே.

எமது வீடுகளுக்கும் இது பொருந்தும். சர்க்கரை வியாதிக்கு இன்சுலின் போடுபவர்கள் பாவித்த ஊசியைப் பிளாஸ்டிக் போத்தலில் போட்டுக் குப்பையில் எறிய வேண்டாம். குடும்ப வைத்தியரிடம் கேட்டால் மஞ்சள் ஊசிப் பெட்டிக்கு மருந்துச் சீட்டு எழுதித் தருவார். நிரம்பிய பெட்டியைப் பெரும்பாலான இடங்களில் கவுன்சில் எடுத்துச் செல்லும்.

எம்மிடையே உள்ள தாதியர், துப்புரவு வேலை செய்யும் உறவுகளுக்கு இவற்றைத் தமிழில் ஒரு மணித்தியாலம் சொல்லிக் கொடுக்க முன்வர வேண்டும். அந்த ஒரு மணித்தியாலம் ஒரு குடும்பத்தைக் காப்பாற்றக்கூடும்.