இரண்டு வருஷமும் எழுபது வருஷமும்

இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது வாக்குத்தத்த அட்டைகள் அச்சகத்துக்குப் போயிருக்கும். டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்ததும் குடும்பம் குடும்பமாக முன்னே வந்து, தட்டில் குவித்திருக்கும் அட்டைகளில் ஒன்றை எடுத்துப்போவார்கள். ‘நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு’ என்று தொடங்கும் எரேமியா 29:11 இல்லாத அட்டைக்கட்டை என் ஊழியக் காலத்தில் நான் பார்த்ததில்லை.

ஊழியத்துக்கு வந்த மூன்றாம் ஆண்டில் அந்த அட்டையை ஒரு தாய்க்கு என் கையாலேயே கொடுத்தேன். அவருடைய மகனுக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதாகி, வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தது. வசனத்தைப் படித்ததும் கண் கலங்கி, “ஐயா, ஆண்டவர் எனக்கே பேசிட்டாரு” என்றார். நானும் ஆமென் சொன்னேன். ஆகஸ்டில் பையன் இறந்துபோனான். அடக்கம் முடிந்து பத்து நாள் கழித்து வீட்டுக்குப் போனேன். வேதாகமத்துக்குள் வைத்திருந்த அட்டையை எடுத்து என் முன்னால் வைத்தார். “நான் எதிர்பார்த்த முடிவு இது இல்லையே ஐயா. என் விசுவாசம் பத்தலையா?”

என்னிடம் பதில் இல்லை. ஜெபித்துவிட்டு வந்துவிட்டேன்.

வேதத்தை விளக்க ஆவியானவரின் நடத்துதல் போதுமா, சரித்திர ஆய்வு வேண்டுமா என்று நம் வட்டாரத்தில் நெடுங்காலமாக வாக்குவாதம் நடக்கிறது. எழுதினவர் ஆவியானவர், விளக்குகிறவரும் அவரே, இடையில் பண்டிதர்கள் எதற்கு என்கிறார்கள் ஒரு சாரார். எபிரெயுவும் கிரேக்கும் படிக்காதவர் பிரசங்க பீடத்தில் ஏறுவதே தவறு என்கிறார்கள் இன்னொரு சாரார். இவர்களுக்கு நடுவில் நின்று சமரசம் பேச நான் இதை எழுதவில்லை. ஆவியானவரின் பெயரைச் சொல்லிப் படிப்பைத் தவிர்க்கும் பழக்கம் நம் சபைகளைக் காயப்படுத்துகிறது என்பதே என் குற்றச்சாட்டு. காயப்படுத்தினவர்களில் நானும் ஒருவன் என்பதால் இதைச் சொல்லும் கடமை எனக்கு இருக்கிறது.

அந்த வசனம் ஒரு கடிதத்தின் நடுவில் வருகிறது. கி.மு. 597-இல் நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பிடித்து, ராஜாவாகிய எகொனியாவையும் அவன் தாயையும் பிரபுக்களையும் தச்சரையும் கொல்லரையும் பாபிலோனுக்குக் கொண்டுபோனான். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள பாபிலோனியக் களிமண் ஏடு ஒன்று நகரம் விழுந்த நாளையே குறித்துவைத்திருக்கிறது. வைஸ்மன் 1956-இல் அதைப் பதிப்பித்தார். அப்படிச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம்தான் 29-ஆம் அதிகாரம். சிதேக்கியா ராஜா பாபிலோனுக்கு அனுப்பிய தூதர்கள், சாப்பானின் மகன் எலெயாசாரும் இல்க்கியாவின் மகன் கெமரியாவும், அதைக் கொண்டுபோனார்கள். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்துவையுங்கள், உங்களைச் சிறைபிடித்த பட்டணத்துக்காக ஜெபியுங்கள் என்கிறது கடிதம். திரும்பிவர எழுபது வருஷம் ஆகும் என்றும் சொல்கிறது. நாம் அட்டையில் போடும் வசனம் அதற்கு அடுத்தது.

கடிதத்தை வாசிக்கக் கேட்ட முப்பது வயதுக்காரர் திரும்பிப் போக வேண்டுமானால் நூறு வயது வரை இருக்க வேண்டும். கேட்டவர்களில் பெரும்பாலோர் பாபிலோன் மண்ணிலேயே அடக்கமாகியிருப்பார்கள். அது அவர்களுக்கும் தெரியும், எழுதியவருக்கும் தெரியும். தெரிந்தேதான் அந்த வாக்குத்தத்தம் கொடுக்கப்பட்டது.

இங்கே நம் தமிழ் செய்யும் ஒரு காரியத்தைக் கவனிக்க வேண்டும். எபிரெயுவில் அந்த வசனம் பன்மையில், ஒரு ஜனத்தைப் பார்த்துப் பேசுகிறது. நம் பழைய மொழிபெயர்ப்பும் அதைப் பன்மையில்தான் வைத்திருக்கிறது. ஆனால் இன்றைய பேச்சில் ‘உங்கள்’ என்பது ஒருவரை மரியாதையாக அழைக்கும் சொல்லும்கூட. அதிகாரத்திலிருந்து பிய்த்து அட்டையில் போட்டதும் அந்தப் பன்மை மரியாதை ஒருமையாகிவிடுகிறது. ஒரு ஜனத்துக்கு வந்த வார்த்தை என் மகனுடைய பரீட்சைக்கும் என் வீட்டு வழக்குக்கும் வந்த வார்த்தையாகிவிடுகிறது.

இன்னொன்று, ‘முடிவு’ என்ற சொல். எபிரெயுவில் அங்கே இரண்டு சொற்கள் உள்ளன: ‘அஹரீத்’, ‘திக்வா’. முன்னது பிற்காலம், பின்வரும் சந்ததி, பின்னது நம்பிக்கை. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து, எதிர்பார்த்திருக்கும் முடிவு என்ற பொருளில் பழைய மொழிபெயர்ப்பு தந்தது. ஆங்கில ஜேம்ஸ் அரசர் மொழிபெயர்ப்பும் அதே வழியில்தான் போயிற்று. எபிரெய நடையில் இரண்டு சொல் சேர்ந்து ஒரு பொருள் தருவது உண்டு என்பதால் இது பிழையில்லை. என்றாலும் மகனுக்காக மருத்துவமனை வாசலில் உட்கார்ந்திருக்கும் தாயின் காதில், ‘நீ எதிர்பார்ப்பதே நடக்கும்’ என்றுதான் அது விழும். பிற்காலத் தமிழ் மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம் எதிர்காலம், நம்பிக்கை என்று பிரித்துத் தருகிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க அரைமணி நேரம் ஒதுக்கியிருந்தால், அந்தத் தாயிடம் நான் ஆமென் சொன்ன விதம் மாறியிருக்கும்.

பழைய மொழிபெயர்ப்பு மிக நன்றாகச் செய்த ஒன்றையும் சொல்ல வேண்டும். 7-ஆம் வசனத்தில் பட்டணத்துக்காகத் தேடச் சொல்லும் ‘ஷாலோம்’தான் 11-ஆம் வசனத்திலும் வருகிறது. இரண்டு இடத்திலும் அது ‘சமாதானம்’ என்றே வைத்திருக்கிறது. ஆகவே எபிரெயு தெரியாதவரும் தமிழிலேயே இந்த இழையைப் பிடிக்கலாம். உங்களுக்கென்று ஆண்டவர் நினைத்திருக்கும் சமாதானம், உங்கள் சத்துருவின் பட்டணத்துக்கு வரும் சமாதானத்தோடு கட்டப்பட்டிருக்கிறது. இதை எந்த அட்டையிலும் நான் கண்டதில்லை.

சரித்திர ஆய்வு விசுவாசத்தைக் குளிரவைக்கும் என்பவர்களுக்கு இரண்டு களிமண் சான்றுகளைச் சொல்கிறேன். பாபிலோனில் கோல்டெவே அகழ்ந்தெடுத்த ஏடுகளில் சிலவற்றை வெய்ட்னர் 1939-இல் வெளியிட்டார். சிறையிருப்பிலிருந்த யூதாவின் ராஜா யோயாக்கீனுக்கும் அவன் குமாரர் ஐவருக்கும் அளந்து கொடுத்த எண்ணெயின் கணக்கு அதில் இருக்கிறது. அந்த யோயாக்கீன்தான் நம் எகொனியா. இரண்டாவது சான்று, 2014-இல் பியர்ஸும் வுன்ஷும் பதிப்பித்த அல்-யாஹூது ஏடுகள். நூற்றுக்கும் மேற்பட்ட அந்த ஏடுகள் முறையான அகழாய்வில் கிடைக்காமல் பழம்பொருள் சந்தை வழியே வந்தவை என்பது ஒரு குறைதான். அல்-யாஹூது என்றால் யூதாவின் ஊர். பாபிலோன் நாட்டில் யூதர் குடியிருந்த ஒரு கிராமம். குத்தகை, வரி, வாற்கோதுமை, பேரீச்சம்பழம், கடன் என்று அங்கே எழுதப்பட்டவை எல்லாம் அன்றாடக் கணக்குகள். கர்த்தருடைய நாமத்தைத் தங்கள் பெயரில் தாங்கிய மனிதர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே உழுது பயிரிட்டிருக்கிறார்கள். தோட்டம் போடுங்கள் என்று கடிதம் சொன்னது இப்படித்தான் நடந்தேறியது. அந்தப் பெயர்களை முதன்முதலில் படித்தபோது நான் முழங்காலில் நின்றேன். ஆய்வு என்னைக் குளிரவைக்கவில்லை.

கடிதத்துக்கு முந்தைய அதிகாரத்தையும் சேர்த்துப் படியுங்கள். கிபியோன் ஊரானாகிய அனனியா தேவாலயத்தில் ஜனங்களுக்கு முன்பாக நின்று, கர்த்தர் சொல்லுகிறார் என்று தொடங்கி, பாபிலோன் ராஜாவின் நுகம் முறிந்தது, இரண்டு வருஷத்துக்குள் எல்லாம் திரும்பி வரும் என்றான். எரேமியாவும் அதே சொற்களால்தான் தன் செய்திகளைத் தொடங்குவார். அனனியா வேதத்துக்குப் புறம்பாக ஏதும் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். ஏசாயாவின் காலத்தில், கி.மு. 701-இல், அசீரியச் சேனை எருசலேமைப் பிடிக்க முடியாமல் திரும்பிப் போனது. அசீரியனின் நுகம் விலகும் என்று ஏசாயா சொன்னதும் மெய்யான வார்த்தை. அந்த மெய்யான வார்த்தையைத்தான் நூறு வருஷம் கழித்து, அது செல்லாத ஒரு காலத்தில், அனனியா எடுத்துச் சொன்னான். பிழை வார்த்தையில் இல்லை, காலத்தில் இருந்தது. காலத்தில் உள்ள பிழையைக் கண்டுகொள்ளக் காலத்தைப் படிப்பதைத் தவிர வேறு வழி கிடையாது.

அப்போது எரேமியா என்ன செய்தார்? முதலில் ஆமென் என்றார்; அப்படியே ஆகட்டும் என்று மனதார விரும்பினார். பிறகு, தனக்கு முன்னிருந்த தீர்க்கதரிசிகள் என்ன சொன்னார்கள் என்று சரித்திரத்தை நினைவுபடுத்தினார். பாபிலோனுக்கு அடங்க வேண்டும் என்பதற்கு அடையாளமாக அவர் கழுத்தில் போட்டிருந்த மரநுகத்தை அனனியா எடுத்து உடைத்தபோது பதில் பேசாமல் போய்விட்டார். அதற்குப் பிறகே கர்த்தருடைய வார்த்தை அவருக்கு வந்தது. ஆவியில் பேசுகிறேன் என்பவர் எல்லாரும் அந்த இடைவெளியில் சற்று நிற்க வேண்டும். வாயில் தயாராக ஒரு வெளிப்பாடு இல்லாமல் வீட்டுக்குத் திரும்பிப்போகத் தெரிந்தவர்தான் தீர்க்கதரிசி.

‘ரேமா’ பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எழுதப்பட்ட பொதுவான வார்த்தை லோகோஸ், அந்த நேரத்தில் எனக்கென்று வரும் வார்த்தை ரேமா என்று கூட்டங்களில் போதிக்கிறார்கள். இளம் ஊழியர்கள் அதை அப்படியே குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறார்கள். புதிய ஏற்பாட்டுக் கிரேக்கு இந்தப் பாகுபாட்டைத் தாங்காது. 1 பேதுரு முதல் அதிகாரத்தில் 23-ஆம் வசனம் லோகோஸ் என்கிறது, இரண்டு வசனம் தள்ளி 25-ஆம் வசனம் அதே தேவவார்த்தையை ரேமா என்கிறது. தேவன் ஒரு வசனத்தின் மூலம் தனி மனிதரோடு பேசுவார் என்பதை நானும் விசுவாசிக்கிறேன், என் வாழ்விலும் அனுபவித்திருக்கிறேன். அதற்கு இல்லாத இலக்கணத்தை முட்டுக்கொடுக்க வேண்டாம்.

கல்லூரியில் படித்துவிட்டு வரும் தம்பி தங்கைகளிடமும் எனக்கு மனத்தாங்கல் உண்டு. எரேமியாவின் புத்தகத்தைக் கூறு போட்ட ஆய்வாளர் டூம், 1901-இல் தீர்க்கதரிசிக்கென்று ஏறக்குறைய 280 வசனங்களையே விட்டுவைத்தார். இன்று அந்தக் கணக்கை அப்படியே ஏற்பவர் குறைவு. ஆய்வின் முடிவுகள் மாறிக்கொண்டே இருக்கும். போன தலைமுறையின் ஊகத்தை இந்த ஞாயிற்றுக்கிழமையின் சத்தியமாக அறிவிக்க நமக்கு உரிமை இல்லை. நிச்சயமானதையும் சொல்லுகிற விதத்தில் சொல்ல வேண்டும். கிரேக்க மொழிபெயர்ப்பில் எரேமியா ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு சிறியது. இந்தக் கடிதம் அங்கே 36-ஆம் அதிகாரம். 16 முதல் 20 வரையுள்ள வசனங்கள் அதில் இல்லை. நம் அட்டை வசனம்கூட பிற்காலம், நம்பிக்கை என்ற இரு சொற்களும் இல்லாமல் முடிகிறது. கும்ரானில் கிடைத்த எபிரெயுத் துணுக்குகளில் ஒன்றும் அந்தச் சிறிய வடிவத்துக்கே சாட்சி. ஆதிச் சபையில் கிரேக்கு பேசியவர்கள் அதைத்தான் வேதமாக வாசித்தார்கள், அதன் பேரில் இரத்தசாட்சியாகவும் மரித்தார்கள். இதை வேதபாட வகுப்பில் பொறுமையாகச் சொன்னால் ஜனங்கள் தாங்குவார்கள். துக்க வீட்டில் சொன்னால் அது கொடுமை. பாபிலோனைப் பற்றி நாற்பது நிமிடம் பேசிவிட்டு, கேட்டவர் இன்று எங்கே சிறைப்பட்டிருக்கிறார் என்று கேளாமல் இறங்கிவிடுகிற பிரசங்கமும் அரைகுறைதான்.

கடிதத்தை எப்படி வாசிப்பது என்று வேதத்துக்குள்ளேயே ஒருவர் காட்டியிருக்கிறார். தானியேல் 9-ஆம் அதிகாரத்தில் எரேமியாவின் எழுபது வருஷத்தைப் புத்தகங்களில் கண்டறிகிறார். கண்டறிந்ததும் உபவாசித்து, இரட்டுடுத்தி, தன் ஜனத்தின் பாவத்தை அறிக்கையிட்டு ஜெபிக்கிறார். அதற்குப் பின்பே காபிரியேல் வந்து, எழுபது வாரங்கள் என்று புதிதாய் ஒன்றைத் திறந்து காட்டுகிறான். புத்தகம், ஜெபம், வெளிப்பாடு என்ற அந்த வரிசையை நான் முக்கியமாகக் கருதுகிறேன். வெளிப்பாடு வந்த பிறகும் எழுபது என்ற எண் அழிக்கப்படவில்லை. சபைச் சீர்திருத்தவாதியாகிய கால்வினும் படிப்பையும் ஜெபத்தையும் பிரிக்கவில்லை; எரேமியாவை வசனம் வசனமாக, சரித்திரத்தோடு சேர்த்து வகுப்பில் விளக்கினார். ஒவ்வொரு விரிவுரையையும் ஜெபத்தோடு முடித்தார். ஆவியானவரின் உட்சாட்சி இல்லாமல் வேதம் நம் இருதயத்தில் பதியாது என்று அழுத்திச் சொன்னவரும் அவரே.

ஆவியானவர் சகல சத்தியத்துக்குள்ளும் நடத்துவார் என்று யோவான் 16-ஐக் காட்டுகிறவர்கள் 14-ஆம் அதிகாரத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இயேசு சொன்னவற்றை நினைப்பூட்டுவது அவருடைய வேலை என்று அங்கே இருக்கிறது. சொல்லப்பட்டது இன்னது, சொல்லப்பட்டது இன்னாருக்கு என்று தெரிந்துகொள்ள மறுக்கிறவரிடம் அவர் எதை நினைப்பூட்டுவார்?

அந்தத் தாயிடம் திரும்பிப் போக எனக்குச் சில வருஷம் ஆயிற்று. அதிகாரத்தை முதலிலிருந்து வாசித்தேன். கடிதம் யாருக்கு, எப்போது, எத்தனை வருஷம் என்று தெரிந்ததைச் சொன்னேன். நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்போ அவங்களும் பாக்காமலே போயிட்டாங்களா ஐயா?” என்றார். “ஆமாம்மா, நிறையப் பேர் பாக்கல” என்றேன். அட்டையை மறுபடியும் வேதாகமத்துக்குள் வைத்துக்கொண்டார். அதற்குமேல் நான் விளக்கவில்லை.

அட்டைகளை நிறுத்தச் சொல்லி நான் எழுதவில்லை. நம் ஜனங்கள் அவற்றை வருஷம் முழுவதும் கையில் பிடித்துக்கொண்டு ஜெபிக்கிறார்கள். அந்தப் பிடியை நான் மதிக்கிறேன். என் வேண்டுகோள் சிறியது. இந்த டிசம்பர் 31 இரவில், அட்டையைக் கொடுக்கிறதற்கு முன், எரேமியா 29-ஐ முதல் வசனத்திலிருந்து கடைசி வசனம்வரை சபையார் கேட்க வாசியுங்கள். மொத்தம் 32 வசனங்கள்தான்.